வெள்ளோட்டம் காணாத ராக்கெட்

புதுத் தேர் செய்து முடித்ததும் சுவாமியை ஏற்றாமல் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம் என்று அதற்குப் பெயர். அச்சு தாங்குமா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்குமா, முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்குமா என்பதெல்லாம் திருவிழாவன்று தெரியவந்து பயனில்லை. ராக்கெட்டுக்கும் வெள்ளோட்டம் உண்டு. தேரை ஓட்டிப் பார்ப்பார்கள். ராக்கெட்டை ஓடவிடாமல் பார்ப்பார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. கான்கிரீட்டில் ஆழமாக ஊன்றிய இரும்புக் கோபுரத்தில் ஓர் அடுக்கைச் செங்குத்தாகப் பிணைத்து, எரிபொருளை நிரப்பி, என்ஜின்களை முழு விசையில் எரியவிட்டு, இரண்டரை நிமிடம் அசையாமல் பிடித்து வைப்பார்கள். 1960களில் நிலவுக்கு ஆள் அனுப்ப இரண்டு நாடுகள் இரண்டு பெரும் ராக்கெட்டுகளைக் கட்டின. அமெரிக்காவின் சாட்டர்ன் 5 இந்த வெள்ளோட்டத்தைக் கண்டது. சோவியத்தின் என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கு அதைக் காணவே இல்லை. முன்னது 1967 முதல் 1973 வரை 13 முறை பறந்தது. ஒருமுறைகூட அதன் முதல் அடுக்கு கைவிடவில்லை. பின்னது நான்கு முறை கிளம்பியது. நான்கு முறையும் முதல் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அழிந்தது. என்-1இன் தலைமை வடிவமைப்பாளர் கொரோல்யோவின் அகால மரணம், அவருக்கும் என்ஜின் வடிவமைப்பாளர் குளூஷ்கோவுக்கும் இருந்த பகை, பணத் தட்டுப்பாடு என்று இதற்கு வழக்கமாகச் சில காரணங்கள் சொல்வார்கள். அவை பொய்யல்ல. ஆனால் தொழிற்சாலைக்கும் ஏவுதளத்துக்கும் நடுவே ஓர் அடுக்கு உடைவதற்கென்று ஓர் இடம் இருந்ததா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். ‘உடைவதற்கென்று’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.

தரைச் சோதனை என்றால் செய்து முடித்த பொருளுக்குச் சான்றிதழ் வாங்கும் சடங்கு என்று எண்ணத் தோன்றும். சாட்டர்ன் முதல் அடுக்கின் எஃப்-1 என்ஜின் உருவான விதத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிந்து ஒரே என்ஜினில் சுமார் 680 டன் உந்துவிசை வரவேண்டும்; அந்த அளவில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. 1962 ஜூனில் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் ஓர் என்ஜின் சோதனை மேடையிலேயே சிதைந்தது. எரியறைக்குள் அழுத்த அலைகள் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கினால் நொடிப்பொழுதில் உலோகத்தையே தின்றுவிடும். அது எப்போது தொடங்கும், எது தொடங்கிவைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல அன்றைய அறிவியலால் முடியவில்லை. ஆகவே ராக்கெட்டைன் நிறுவனத்தின் பொறியாளர்களும் நாசாவின் மார்ஷல் மையத்தினரும் முரட்டுத்தனமான ஒரு வழியை எடுத்தார்கள். எரிந்துகொண்டிருக்கும் அறைக்குள் சின்னக் குண்டு ஒன்றை வெடித்து, அலையைத் தாங்களே கிளப்பிவிட்டு, அது தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருளைப் பீய்ச்சும் தட்டின் மேல் தடுப்புச் சுவர்களை வைத்தார்கள், துளைகளின் அளவை மாற்றினார்கள், கோணத்தை மாற்றினார்கள், மறுபடி குண்டு வைத்தார்கள். சுமார் 2,000 முழு அளவுச் சோதனைகளுக்குப் பிறகு, கிளப்பிவிட்ட அலை பத்தில் ஒரு விநாடிக்குள் அடங்கும் தட்டு ஒன்று கிடைத்தது. 1965 தொடக்கத்தில்தான் அந்தத் தலைவலி தீர்ந்தது. வரைபலகையில் பிறந்த என்ஜினை மேடையில் சரிபார்த்தார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. என்ஜின் பிறந்ததே மேடையில்தான்.

ஓர் என்ஜினைச் சோதிப்பது வேறு, ஐந்து என்ஜின்களும் தொட்டிகளும் குழாய்களும் சேர்ந்த அடுக்கைச் சோதிப்பது வேறு. ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் குழாயை ஆட்டும். ஐந்தும் ஒன்றாக உறிஞ்சும்போது தொட்டியின் அடியில் திரவம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனி என்ஜினுக்குத் தெரியாது. சாட்டர்னின் முதல் அடுக்கு 42 மீட்டர் உயரம், 10 மீட்டர் குறுக்களவு. எரிபொருள் நிரப்பினால் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் எடை. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் 1965 ஏப்ரல் 16 அன்று சோதனைக்கென்றே கட்டிய ஓர் அடுக்கில் ஐந்து என்ஜின்களையும் ஒன்றாகப் பற்றவைத்தார்கள். ஆறரை விநாடி எரிந்தது. அதன் பிறகு நேரத்தைப் படிப்படியாக நீட்டினார்கள். பறந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் தன் மேடைச் சோதனையை முடித்த பிறகே ஃப்ளோரிடா போனது. இங்கே கவனிக்கவேண்டியது பயணம். போயிங் நிறுவனம் அடுக்குகளைக் கட்டிய மிஷூ ஆலை நியூ ஆர்லியன்ஸ் அருகே நீர்வழியோரம் இருந்தது. பத்து மீட்டர் அகலமுள்ள பொருள் எந்தச் சாலையிலும் எந்தத் தண்டவாளத்திலும் போகாது, படகில் போகும். ஆலையிலிருந்து படகில் மேடைக்கு, மேடையிலிருந்து படகில் மறுபடி ஆலைக்கு, அங்கே சுத்தம் செய்து பழுது பார்த்துப் படகில் ஏவுதளத்துக்கு. இரண்டாம் அடுக்கு கலிபோர்னியாவின் சீல் பீச்சிலிருந்து பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் சுற்றிவந்தது. ராக்கெட் வரலாறு எழுதுகிறவர்கள் என்ஜினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், படகைப் பற்றி ஒரு வரி எழுதுவார்கள். அந்த விகிதம் சரியல்ல என்பது சோவியத் பக்கம் போகும்போது தெரியும்.

ஹண்ட்ஸ்வில் வளர்ந்துகொண்டிருந்த ஊர். அந்தச் சத்தத்தை ஊருக்கு நடுவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மிசிசிப்பி மாநிலத்தின் ஹான்காக் கவுண்டியில், பேர்ல் ஆற்றங்கரையில் புதிய சோதனைத் தளம் அமையும் என்று 1961 அக்டோபரில் அறிவித்தார்கள். இன்று ஸ்டெனிஸ் விண்வெளி மையம் என்று பெயர். அங்கே லாக்டவுன், கெயின்ஸ்வில், சாண்டா ரோசா, நெப்போலியன், வெஸ்டோனியா என்று ஐந்து ஊர்கள் இருந்தன. மரத் தொழிலில் ஒரு காலத்தில் செழித்தவை. அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. தளத்துக்கு 13,500 ஏக்கர். அதைச் சுற்றி ஒலித்தடுப்பு வளையமாக ஏறத்தாழ 1,25,000 ஏக்கர். அந்த வளையத்துக்குள் நிலம் வைத்துக்கொள்ளலாம், மரம் வளர்க்கலாம், குடியிருக்கக் கூடாது. நிலவுப் பயணத்தின் செலவுக் கணக்கில் கோடிக்கணக்கான டாலர்களை எழுதுகிறார்கள். அந்த ஐந்து ஊர்களின் தேவாலயங்களையும் கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் எந்தப் பத்தியில் எழுதினார்களோ. தரைச் சோதனையின் பயனை வாதிடுகிற நான் அதன் விலையைச் சொல்லாமல் விட்டால் அது பாதி வாதம். பெரிய அடுக்கைக் கட்டிப்போட்டு எரிப்பதற்கு இரும்பும் கான்கிரீட்டும் போதாது. ஆளில்லா நிலம் வேண்டும், அது பெரும்பாலும் ஆளிருந்த நிலமாகவே இருந்திருக்கிறது.

அந்த விலை கொடுத்து வாங்கியது எதை? மூன்று உடைவுகளைச் சொல்லலாம். 1965 செப்டம்பர் 29 அன்று சீல் பீச்சில், இரண்டாம் அடுக்கின் கட்டமைப்பு மாதிரி ஒன்று, பறப்பில் வரக்கூடிய சுமையைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்த்தபோது நொறுங்கியது. 1966 ஏப்ரல் 23 அன்று மிசிசிப்பியில் முதன்முதலாக எரிந்த அதே வகையின் சோதனை அடுக்கு, மே 28 அன்று எரியாமலே வெடித்தது. ஹைட்ரஜன் தொட்டியில் கசிவு பார்க்க வாயு ஏற்றினார்கள். அழுத்தம் எல்லை தாண்டினால் எச்சரிக்கும் உணரிகளின் இணைப்பை முந்தைய பணிமுறையினர் கழற்றி வைத்திருந்தார்கள். அடுத்துப் பணிக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது. மானியில் அழுத்தம் ஏறவில்லையே என்று மேலும் மேலும் ஏற்றினார்கள், தொட்டி கிழிந்தது. 1967 ஜனவரி 20 அன்று கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில், பற்றவைப்புக்குச் சில விநாடிகள் இருக்கும்போது மூன்றாம் அடுக்கு ஒன்று மேடையோடு வெடித்துச் சிதறியது. ஹீலியம் நிறைத்த டைட்டானியக் கோளம் ஒன்றை வெல்டிங் செய்தபோது உலோகக் கலவைக் கம்பிக்குப் பதில் தூய டைட்டானியக் கம்பியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஒரு பற்று விட்டுப்போனது. இந்த மூன்றில் எதிலும் வடிவமைப்பாளரின் மேதைமைக்கு வேலை இல்லை. சுமை, பணிமுறை மாற்றம், வெல்டிங் கம்பி. மூன்றும் வானில் நடந்திருந்தால் துண்டுகள் கடலில் போயிருக்கும், காரணம் ஊகமாகவே நின்றிருக்கும். தரையில் நடந்ததால் விசாரணைக் குழுவினர் உடைந்த கோளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், அதே வெல்டிங்கில் வந்த மற்றக் கோளங்களை அடையாளம் கண்டு கழித்தார்கள்.

1963 இறுதியில் நாசாவின் ஜார்ஜ் மியூல்லர் எடுத்த ஒரு முடிவை இந்தப் பின்னணியில்தான் படிக்கவேண்டும். அதுவரை இருந்த வழக்கம், முதல் அடுக்கை மட்டும் உண்மையாக வைத்து மேலே தண்ணீர் நிரப்பிய பொம்மை அடுக்குகளைச் சுமந்து பறக்கவிடுவது. பிறகு ஒவ்வொன்றாக உண்மை அடுக்கைச் சேர்ப்பது. அவர் எல்லா அடுக்குகளையும் முதல் பறப்பிலேயே உண்மையாக வைத்துப் பறக்கவிடச் சொன்னார். மார்ஷல் மையத்தின் தலைவர் வெர்னர் ஃபான் பிரவுனின் ஆட்கள் அதிர்ந்துபோனார்கள். 1967 நவம்பர் 9 அன்று சாட்டர்ன் 5 முதன்முறையாக அப்படியே பறந்து வென்றது. இதைத் துணிச்சலின் கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது கணக்கின் கதையாகவே படுகிறது. வானில் செய்யவேண்டிய சோதனைகளை அவர் குறைத்தார் என்றால், அவற்றைச் செய்ய மேடைகள் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தன. அந்த மேடைகள் இல்லாமல் இதே கட்டளையை வேறொரு நாட்டில் யாராவது போட்டிருந்தால் அது துணிச்சலாகாது, சூதாட்டம்.

உண்மையில் போட்டார்கள். என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 என்ஜின்கள்: வெளிவட்டத்தில் 24, நடுவில் 6. குய்பிஷெவ் நகரில் நிக்கோலாய் குஸ்னெட்சோவின் நிறுவனம் செய்த என்கே-15 என்ஜின்கள். ஒவ்வொன்றும் சுமார் 154 டன், மொத்தம் 4,600 டன்னுக்கும் மேல். சாட்டர்னின் முதல் அடுக்கு சுமார் 3,400 டன். என்ஜின்களின் நுட்பத்தில் சோவியத்துகள் பின்தங்கவில்லை, முன்னே இருந்தார்கள் என்றே சொல்லலாம். ஆனால் அந்த அடுக்கின் அடிப்பாகம் ஏறத்தாழ 17 மீட்டர் அகலம். ஆலை வோல்கா கரையில். ஏவுதளம் பைக்கனூரில், கசாக் புல்வெளியின் நடுவே, தண்டவாளத்தைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில். தண்டவாளம் நான்கு மீட்டருக்கு மேல் அகலமானதைச் சுமக்காது. எனவே தொட்டிகளை இதழ் இதழாக வெட்டி ரயிலில் அனுப்பி, பைக்கனூரிலேயே பெரிய கொட்டகை கட்டி அங்கே வெல்டிங் செய்து உருட்டினார்கள். ஆக, அடுக்கு முழுவடிவம் பெறும் இடமே ஏவுதளம். மாஸ்கோவுக்கு வடக்கே ஜகோர்ஸ்க்கில் இருந்த சோதனை மேடைகளுக்கு அதைத் திரும்பக் கொண்டுபோக வழியே இல்லை. இரண்டாம் மூன்றாம் அடுக்குகள் ஜகோர்ஸ்க்கில் கட்டுண்டு எரிந்தன. முதல் அடுக்கு எரியவில்லை. பைக்கனூரிலேயே அதற்கொரு மேடை கட்டியாகவேண்டும் என்று கொரோல்யோவிடம் வாதாடியவர், சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த அவருடைய துணை அதிகாரி லியோனித் வஸ்க்ரெசென்ஸ்கி. பணமும் இல்லை, நாளும் இல்லை என்று அது தள்ளுபடியானது. வஸ்க்ரெசென்ஸ்கி 1965 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதமே கொரோல்யோவும் இறந்தார். பணி வாசிலி மிஷின் தலையில் விழுந்தது.

சோவியத்துகளுக்குத் தரைச் சோதனையின் அருமை தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்புட்னிக்கை ஏற்றிச்சென்ற ஆர்-7 ராக்கெட்டின் பகுதிகளைத் தனித்தனியாகவும் சேர்த்துக் கட்டியும் 1956-57இல் ஜகோர்ஸ்க்கில் எரித்துப் பார்த்தவர்கள் இவர்களேதான். ஆர்-7 ஐந்து ஒல்லியான துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் ரயில் பெட்டியில் அடங்கும். எனவே மேடைக்கும் போனது, ஏவுதளத்துக்கும் போனது. அதே மனிதர்கள், அதே கொள்கை. பொருள் தண்டவாளத்தைவிடப் பெரிதானபோது கொள்கையைக் கைவிட்டார்கள். மிசிசிப்பியில் ஊர்களைக் காலி செய்யவேண்டியிருந்தது. கசாக் புல்வெளியில் வேண்டிய மட்டும் வெற்று நிலம் கிடந்தது. நிலம் தடையல்ல. மேடைக்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது, மேடை இல்லாததால் ஆகும் செலவு பிறகே தெரிகிறது. தள்ளிப்போட முடிகிற கணக்கைத் தள்ளிப்போட்டார்கள்.

மேடைக்கு மாற்றாக வைத்தது என்ஜின்களின் மாதிரிச் சோதனை. என்கே-15இன் வால்வுகள் சில வெடிமருந்தால் இயங்குபவை; ஒருமுறை எரித்த என்ஜினை மறுமுறை எரிக்க இயலாது. பறக்கப்போகும் என்ஜினைச் சோதிக்க முடியாது என்பது இதன் பொருள். ஆறு என்ஜின் கொண்ட தொகுதியிலிருந்து இரண்டை எடுத்து எரிப்பார்கள். அவை தேறினால் மிச்சம் நான்கும் தேறியதாகக் கணக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே நீரில் ஒரே நெருப்பில் வெந்த பருக்கைகள் அவை. தனித்தனிக் கைகள் தனித்தனி நாளில் பொருத்திய பம்புகளுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. 1969 பிப்ரவரி 21 அன்று முதல் என்-1 கிளம்பியபோதே, என்ஜின்களைக் கண்காணிக்கும் ‘கோர்த்’ என்ற தானியங்கி அமைப்பு தவறான குறிப்பைப் பிடித்துக்கொண்டு நல்ல என்ஜின் இரண்டை அணைத்துவிட்டது. பின்னர் வால் பகுதியில் தீப்பிடிக்க, 69ஆம் விநாடி வாக்கில் அத்தனையையும் அணைத்தது. 30 என்ஜின்களும் சேர்ந்து எரியும்போது மின்கம்பிகளில் என்ன இரைச்சல் வரும் என்பதை அந்த அமைப்பு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. ஜூலை 3 அன்று இரண்டாவது ராக்கெட் சற்றே எழும்பி, ஓர் ஆக்சிஜன் பம்பு வெடிக்க, எரிபொருள் நிறைந்தபடியே ஏவுமேடையின் மேல் விழுந்து மேடையைத் தரைமட்டமாக்கியது. சோதனை மேடைக்குப் பணமில்லை என்றவர்கள் ஏவுமேடையைத் திரும்பக் கட்டினார்கள். நான்காவது, 1972 நவம்பர் 23 அன்று, 107ஆம் விநாடி வரை நன்றாகப் போனது. திட்டப்படி நடுவிலுள்ள ஆறு என்ஜின்களை அணைத்ததற்குப் பிறகு கோளாறு தொடங்கி வெடித்தது. தரையில் ஒருமுறை முழுநேரம் எரித்திருந்தால் அந்த அணைப்பும் அங்கேயே நடந்திருக்கும். அதைவிட முக்கியம், பம்புதான் முதலில் வெடித்ததா, குழாயா, வெளியிலிருந்து ஏதேனும் துண்டு உள்ளே போனதா என்று மிஷினின் ஆட்களும் குஸ்னெட்சோவின் ஆட்களும் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டினார்கள். தரையில் உடைந்தால் தடயம் கிடைக்கிறது. வானில் உடைந்தால் வழக்கு கிடைக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. மூன்றாவது என்-1, 1971 ஜூன் 27 அன்று, தன்னச்சில் சுழன்று கட்டுப்பாடு இழந்தது. அடிப்பாகத்தைச் சுற்றிய காற்றோட்டமும் தாரைகளும் சேர்ந்து உண்டாக்கிய சுழல் அது. கட்டிப்போட்ட அடுக்கில் அந்தக் காற்றோட்டம் வராது. எனவே எந்த மேடையும் அதைக் காட்டியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கடுமையான சாட்சி அமெரிக்கப் பக்கமே இருக்கிறது. 1968 ஏப்ரல் 4 அன்று சாட்டர்ன் 5இன் இரண்டாம் பறப்பான அப்போலோ 6இல் முதல் அடுக்கு நெடுவாக்கில் குலுங்கியது. இரண்டாம் அடுக்கில் இரண்டு ஜே-2 என்ஜின்கள் அணைந்தன. மூன்றாம் அடுக்கு மறுபடி பற்றவே இல்லை. அத்தனையும் தரைச் சோதனையில் தேறிய வகைகள். தோண்டிப் பார்த்தால், பற்றவைப்பானுக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் வளையக்கூடிய மெல்லிய குழாய் அதிர்ந்து முறிந்திருக்கிறது. மேடையில் ஏன் முறியவில்லை? மேடையில் காற்று இருந்தது. உறைகுளிரில் அந்தக் குழாயின் மேல் காற்று படிந்து உறைந்து, போர்வைபோல மூடி, அதிர்வை அடக்கியிருக்கிறது. வெற்றிடத்தில் போர்வை இல்லை. தரை அங்கே குற்றத்தைக் காட்டவில்லை, மறைத்தது. தரைச் சோதனையை நம்புகிறவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஆனால் அடுத்து என்ன நடந்தது? அந்தக் குழாய்களை வெற்றிட அறையில் வைத்து ஓட்டினார்கள், அங்கேயும் முறிந்தன. குழாயை மாற்றினார்கள். முதல் அடுக்கின் குலுக்கலுக்கு, ஆக்சிஜன் குழாய்களின் வால்வுகளில் ஹீலியம் செலுத்தி மெத்தைபோல் ஆக்கி, அதையும் தரையில் சோதித்தார்கள். அடுத்த சாட்டர்ன் 5 அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நிலவைச் சுற்றப் போனது. எட்டே மாதம். மேடைகளும் கருவிகளும் ஆட்களும் தயாராக இருந்ததால் வானத்தின் கேள்வியைத் தரைக்குக் கொண்டுவர முடிந்தது. அமெரிக்காவுக்குப் பணம் அதிகம் என்ற மறுப்பை நான் அதிகம் மதிக்கவில்லை. பணம் மேடைக்குப் போகவேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால்தான் போகும். குறைந்த பணமுள்ளவருக்கு நான்கு ராக்கெட்டையும் ஓர் ஏவுமேடையையும் இழப்பது மலிவான வழியுமல்ல.

குறைந்த பணத்தில் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்ததற்குச் சான்று திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மகேந்திரகிரியில் இருக்கிறது. இந்தியாவின் திரவ எரிபொருள் அடுக்கு வகைகளை அங்கே எரித்துப் பார்த்த பிறகே ஸ்ரீஹரிகோட்டாவில் பறக்கவிடுகிறார்கள். எல்விஎம்-3 ராக்கெட்டுக்காக இரண்டு விகாஸ் என்ஜின்களை இணைத்துச் செய்த எல்-110 அடுக்கை 2010 மார்ச் 5 அன்று அங்கே 200 விநாடி எரிக்கத் திட்டமிட்டார்கள். கசிவு தென்பட, 150 விநாடியில் நிறுத்தினார்கள். செப்டம்பர் 8 அன்று முழு 200 விநாடியும் எரிந்தது. பறப்பில் 150ஆம் விநாடியில் நிறுத்த முடியாது. தரையின் பெரிய வசதி அந்த நிறுத்தம். ஆனால் மகேந்திரகிரியும் அப்போலோ 6இன் பாடத்துக்குத் தப்பவில்லை. உள்நாட்டில் செய்த கிரையோஜெனிக் அடுக்கு 2007 நவம்பர் 15 அன்று அங்கே 720 விநாடி, பறப்பு நேரம் முழுக்க, குறையின்றி எரிந்தது. 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 அதே வகை அடுக்கோடு கிளம்பியது. ஹைட்ரஜன் தொட்டியின் துணைப் பம்பு பற்றவைத்த சற்று நேரத்தில் நின்றுபோக, ராக்கெட் கடலில் விழுந்தது. அதன் பிறகு இஸ்ரோ பம்பின் வடிவத்தை மாற்றியதோடு, உயரத்தின் வெற்றிடத்தைத் தரையில் உண்டாக்கும் வசதியில் என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வென்றது. இரண்டு நாடுகள், நாற்பதாண்டு இடைவெளி; மேல் அடுக்குக்குத் தரைச் சோதனையே பொய்ச்சாட்சி ஆகலாம் என்பதை இருவரும் ஒரே விதமாகக் கற்றார்கள்.

இன்று இந்த வாதத்தை எதிர்க்கிறவர்கள் ஸ்டார்ஷிப் ராக்கெட்டைக் காட்டுவார்கள். உடைந்தால் உடையட்டும், பறந்து கற்போம் என்ற, அதைக் கட்டும் நிறுவனத்தின் பாணி என்-1இன் பாணிதானே, அது வெல்கிறதே என்பார்கள். மேலோட்டமான ஒப்புமை அது. அதன் ராப்டர் என்ஜின்களை டெக்சாஸின் மக்கிரிகரில் முதலில் எரிக்கிறார்கள்; அடுக்குகளை ஏவுதளத்திலேயே பிடித்துவைத்தும் எரிக்கிறார்கள். அந்த முறையில் குறை வைத்த இடத்தில் அடியும் விழுந்தது. 2023 பிப்ரவரி 9 அன்று 33 என்ஜின்களில் 31 எரிந்தன, பாதி விசையில். ஏவுமேடையின் கீழிருந்த கான்கிரீட் தாங்கியது. ஏப்ரல் 20 அன்று அதைவிட அதிக விசையில் கிளம்பியபோது அதே கான்கிரீட் பெயர்ந்து, துண்டுகள் சுற்றுப்புறமெங்கும் சிதறின. பாதி விசையில் கேட்ட கேள்விக்குப் பாதி விடைதான் வந்திருந்தது. 2025 ஜூன் 18 அன்று ஒரு ஸ்டார்ஷிப் மேல் அடுக்கு சோதனை மேடையில் எரிவதற்கு முன்பே வெடித்தது. நைட்ரஜன் நிறைத்த அழுத்தக் கலன் ஒன்று வெடித்ததே காரணம் என்றார்கள். சாக்ரமெண்டோவின் ஹீலியம் கோளத்துக்குப் பின் 58 ஆண்டுகள்.

என்-1இன் என்ஜின்களுக்கு ஒரு பின்கதை உண்டு. நான்கு தோல்விகளுக்குப் பிறகு குஸ்னெட்சோவ் மறுமுறை எரிக்கக்கூடிய என்கே-33 என்ற என்ஜினைச் செய்து முடித்திருந்தார். பறக்கப்போகும் என்ஜினையே எரித்துப் பார்த்துவிட்டுப் பொருத்தலாம். 1974 மே மாதம் மிஷினின் நிறுவனம் குளூஷ்கோவின் கைக்குப் போனது; திட்டத்தை நிறுத்தி, என்ஜின்களை அழிக்கச் சொன்னார்கள். குஸ்னெட்சோவ் அழிக்காமல் கிடங்கில் வைத்திருந்தார். 1990களில் அமெரிக்காவின் ஏரோஜெட் நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை வாங்கியது. அவற்றை அன்டாரெஸ் என்ற ராக்கெட்டுக்காகச் சோதிக்க 2010இல் கொண்டுபோன இடம் மிசிசிப்பியின் ஸ்டெனிஸ் மையம். 2011 ஜூனில் அங்கே ஒன்று தீப்பிடித்தது; நாற்பதாண்டு கிடந்த உலோகத்தில் நுண்விரிசல். 2014 மே மாதம் இன்னொன்று மேடையிலேயே சிதைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று, மேடையில் தேறிய ஒன்று, விர்ஜினியாவின் வாலப்ஸ் தீவில் கிளம்பிய சில விநாடிகளில் ஆக்சிஜன் பம்பு வெடித்து ராக்கெட்டையே கீழே தள்ளியது. மேடை இரண்டைப் பிடித்தது, ஒன்றை விட்டுவிட்டது. அன்டாரெஸை நடத்தியவர்கள் அந்த என்ஜின்களைக் கைவிட்டு வேறு புதிய ரஷ்ய என்ஜின்களுக்கு மாறினார்கள். ஒவ்வொரு என்ஜினும் ஏற்கெனவே எரிந்து தேறியிருந்தது. ஆனாலும் 2016 மே 31 அன்று, பறக்கவிடுவதற்கு முன், வாலப்ஸ் தீவின் ஏவுமேடையில் முதல் அடுக்கை முழுசாக நிறுத்திக் கட்டி 30 விநாடி எரித்துப் பார்த்தார்கள்.